நாங்கள் போகாத வியட்நாம்

அன்புள்ள பாப்பா,

நீ சைகோனுக்கு ரயிலேறிவிட்டதாக அப்பாவுக்கு அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். மேல் அடுக்குப் படுக்கைதான் விலை குறைவு என்று முன்பே சொல்லியிருந்தாய். இந்நேரம் கூரை மூக்கில் இடிக்கப் படுத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருப்பாய். இதைப் படிக்க அதைவிட வசதியான இடம் உனக்குக் கிடைக்காது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பாதியில் அழுவேன், நீ 'சரி விடும்மா' என்பாய், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லாமல் தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இறங்கும்போது விமான நிலையத்தில் எங்களோடு உன் வருங்கால மாமியார், ஜெரால்டின் அம்மாவும் நிற்பார். உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார். நீ சொல்லும் பதிலில்தான் உன் கல்யாணம் இருக்கிறது. அதற்கு முன் இங்கே நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மண்ணூர்பேட்டை வீட்டில் இல்லை. உன்னை வழியனுப்பிவிட்டு வந்த அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு நசரத்பேட்டைக்கு வந்துவிட்டோம். தொழிற்பேட்டைக் கம்பெனியில் அப்பாவோடு லேத்தில் வேலை பார்த்த ஏழுமலை அண்ணனை உனக்குத் தெரியும். அவர் புதிதாகக் கட்டிய மாடி வீடு குடித்தனம் வராமல் காலியாகக் கிடந்தது. ஒரு பாய், இரண்டு தலையணை, ஒரு கரண்ட் அடுப்பு, கீழ்வீட்டிலிருந்து வாங்கிய ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவுதான் எங்கள் குடித்தனம். வீடியோ காலில் நீ 'பின்னாடி என்னம்மா வெறும் சுவரா இருக்கு' என்று கேட்டபோது, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கச் சாமானை எல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்றேன். நீயும் நம்பினாய்.

ஏன் என்று கேட்பாய். நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் ஜெரால்டின் அம்மா போன் செய்தார். மெர்சி வெளிநாடு போகிறாளாமே என்று யாரோ சொன்னார்களாம். குரலில் கோபம் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 'ஜனவரில கல்யாணத்த வச்சுக்கிட்டு பொண்ணு தனியாவா அண்ணி போறா?' என்று கேட்டார். அந்தத் 'தனியாவா' காதில் விழுந்ததும் என் நாக்கு என்னைக் கேட்காமலே புரண்டது. 'சேச்சே, தனியா அனுப்புவோமா? நாங்க மூணு பேருமா போறோம் அண்ணி' என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். 'நல்லதாப் போச்சு அண்ணி, நீங்களும் வாழ்க்கைல நாலு எடம் பாக்கணும்ல' என்று வாழ்த்தி வைத்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் நம் தெருமுனையில் இருக்கிற ஜெரால்டின் அத்தைக்குச் செய்தி போய், அவர் வீட்டுக்கே வந்து, 'எத்தனை சூட்கேஸ் எடுத்துட்டுப் போறீங்க' என்று விசாரித்துவிட்டுப் போனார். அத்தை வாய்க்குப் போனது ஆலய மணி மாதிரி, பங்குக் கோயில் ஜனத்துக்கெல்லாம் கேட்டுவிடும் என்று உனக்கே தெரியும்.

நிஜமாகவே உன்னோடு கிளம்பிவிடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டே கிடையாது என்று நினைவூட்டினார். இருந்தாலும் மண்டபத்துக்கும் நகைக்கும் போனது போக மீதி இருப்பதை வைத்துப் பூந்தமல்லி வரைக்கும்தான் போய்வரலாம் என்றார். கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. நாங்கள் மூட்டை முடிச்சோடு வந்து நின்றதைப் பார்த்து ஏழுமலை அண்ணன் மிரண்டுபோனார். 'இன்னா சார் இது, சொந்த ஊட்ட பூட்டிகினு இங்க வந்து குந்திகினு கீறீங்க? எவனாச்சும் கடன்காரன் தொரத்துறானா? சொல்லு சார், நான் போய்ப் பேசிக்கினு வரேன்' என்றார். அப்பா பாயை உதறிப் போட்டுக்கொண்டே, 'பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கெடைக்காதும்பாங்க ஏழுமலை. இவ வாய்க்கு மாடி வீடே கெடச்சிருக்கு' என்றார். அதற்குமேல் அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பொய் எனக்குப் புதிதல்ல. நீ எட்டாவது படிக்கும்போது சித்தி கல்யாணத்துக்காக உனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் மிஸ் பாவம், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். முழங்கை வரை மருதாணியோடு இருந்த உன்னைப் போர்வைக்குள் தள்ளி, கையை வெளியே நீட்டாதே என்று காதில் சொன்னேன். மிஸ் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜூன் மாத வெயிலில் போர்வைக்குள் கிடந்ததால் உனக்கு நிஜமாகவே சுட்டது. அவர் போனதும் நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்தாய். நானும்தான். ஆனால் சின்னப் பொய்யும் பெரிய பொய்யும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று வந்து பழகிவிட்டால் மற்றதும் கதவைத் தட்டாமலே உள்ளே வரும்.

ஜெரால்டுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். இந்த வரியை இரண்டு முறை படித்துக்கொள். நீ தனியாகப் போவது அவனுக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரிந்ததுதான். தன்னுடைய பெரிய முதுகுப்பையை அவனே வீட்டுக்குக் கொண்டுவந்து, பட்டையை எப்படி இறுக்குவது என்று உனக்குக் காட்டிக்கொடுத்து, நான் வைத்த வஞ்சிரக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போனான். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நான் அவன் அம்மாவிடம் பொய் சொன்ன மறுநாள் அவன் எனக்குப் போன் செய்தான். 'ஆன்ட்டி, அம்மா என்னமோ ஃபேமிலி டூர்னு சொல்றாங்க?' என்றான். வாய் தவறிவிட்டது தம்பி என்றேன். சிரித்தான். 'விடுங்க ஆன்ட்டி, அதுவும் நல்லதுதான். மெர்சிகிட்ட மட்டும் சொல்லாதீங்க, ட்ரிப்பையே கேன்சல் பண்ணிடுவா' என்றான். நீ அப்படிச் செய்யக்கூடியவள்தான். அதனால் நானும் சரி என்றேன்.

அதன்பிறகு ஆரம்பித்தது கூத்து. ஜெரால்டின் அம்மா தினமும் பேசுவார். எந்த ஊர், என்ன சாப்பிட்டீர்கள், குளிரா மழையா என்று கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டுமே. அதனால்தான் உன்னிடம் அப்படித் துருவித் துருவிக் கேட்டேன். பேருந்தில் ஏறும்போதே செருப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நீ சொன்னதை, அடுத்த அரை மணியில் 'எங்க செருப்பக் கழட்டச் சொல்லிட்டாங்க அண்ணி' என்று அவரிடம் சொன்னேன். பத்துப் பேர் படுக்கும் பெண்கள் அறையில் திரை போட்ட கட்டில் என்று நீ சொன்னது என் வாயில் நல்ல ஓட்டல் ரூம் ஆயிற்று. காலையில் இலவசமாகக் கொடுக்கும் ரொட்டியில் ஒன்றை மதியத்துக்குச் சுருட்டி வைத்துக்கொள்கிறாய் என்றாய். அதை மட்டும் நான் மாற்றவில்லை, 'இவ அப்பா மாதிரியே கஞ்சம் அண்ணி' என்று சொல்லிச் சிரித்தேன். ஒருநாள் நான் ஹனோய் ஏரியைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது கீழே தெருவில் ஆட்டோ ஒன்று 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு வெங்காயம்' என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே வந்தது. நெட்வொர்க் போய்விட்டது என்று போனை அணைத்துவிட்டு, பாயில் உட்கார்ந்து நானும் அப்பாவும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது.

நீ என்ன சொன்னாய் தெரியுமா? 'நீ இவ்ளோ இன்ட்ரஸ்ட்டா கேப்பன்னு நான் நெனக்கவே இல்லம்மா. உன்கிட்ட சொல்றதுக்காகவே எல்லாத்தையும் உன்னிப்பா பாக்குறேன்' என்றாய். அந்த வார்த்தை என்னை எப்படிக் குத்தியது என்று எனக்குத்தான் தெரியும். பொய்க்குச் சரக்கு சேர்க்கத்தான் கேட்டேன் பாப்பா. ஆனால் அது மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. கேட்கக் கேட்க எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. சம்பந்தியம்மாவிடம் 'நாங்க நடந்தோம், நாங்க சாப்பிட்டோம்' என்று சொல்லும்போது எனக்கே நடந்த மாதிரி கால் வலித்தது. உனக்கு ஆறு வயதில் பொதுப்பெட்டியில் வேளாங்கண்ணி போனோமே, லக்கேஜ் வைக்கிற பலகையில் உன்னைப் படுக்க வைத்து, கோயில் மண்டபத்தில் பாய் விரித்துத் தூங்கி, கட்டுச்சாதம் கெட்டுப்போய் டீயும் பன்னும் தின்று திரும்பி வந்தோமே, அதற்கப்புறம் நான் எங்கே போனேன்? கையில் காசில்லாமல் ஊர் சுற்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கும் தெரிந்தது. அது உன்னிடம் வந்திருக்கிறது என்று இந்த மாடியில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமானது. லாவாங் மாதா கோயிலுக்கு நீ போனது எனக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அப்படி ஒரு கோயில் இருப்பதே தெரியாது. ஜெரால்டின் அம்மாதான் யாரிடமோ கேட்டுவந்து சொன்னார். அந்த ஊர் உடையிலேயே மாதா நிற்கிறாராம், நம் வேளாங்கண்ணி மாதிரியாம். 'அவ்ளோ தூரம் போயிருக்கீங்க, என் பேர்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வாங்க அண்ணி' என்று கேட்டார். முடியாது என்று எப்படிச் சொல்வது? உன்னிடம் என் வேண்டுதல் என்று சொன்னேன். நேராகத் தெற்கே போவதாக இருந்தவள் நீ. 'வழியில எறங்கி பஸ்ஸு புடிச்சுப் போவணும், ஒரு நாள் கூட ஆவும், பரவால்ல, நீ எதையுமே கேட்டதில்லயேம்மா' என்று இறங்கிப் போனாய். நீ இறங்கிய அன்று இரவு மழை பிடித்தது. மறுநாள் ரயில் நின்றது. அதற்கடுத்து உன் போன் நின்றது.

இங்கேயும் மழைதான். மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட மண்ணெல்லாம் சேறாகி, பெங்களூர் சாலையில் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அப்பா இரண்டு நாளாக உன் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கும்போதெல்லாம் ஒரு பெண் அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னாள். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல், அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார் உன் அப்பா. நீ தங்கியிருந்த விடுதியின் பெயர்கூட எனக்குச் சரியாக உச்சரிக்க வரவில்லை. ஓட்டலில் என்ன ரொட்டி கொடுத்தார்கள் என்று தெரிந்துவைத்திருந்த எனக்கு, அதன் போன் நம்பரை வாங்கி வைக்கத் தோன்றவில்லை. யாரிடம் கேட்பது? தூதரகம் அது இது என்று அப்பா சொன்னார். ஜெரால்டைக் கேட்டோம், அவனாலும் உன்னைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளை எங்கே என்று தெரியாமல், நாமே எங்கே இருக்கிறோம் என்று யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு கிழங்கள் ஒரு வெற்று அறையில் உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் ஜெரால்டின் அம்மா டிவியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். 'எங்க அண்ணி இருக்கீங்க? தண்ணி வந்துடுச்சா?' என்று பதறினார். மேல்மாடியில் பத்திரமாக இருக்கிறோம் என்றேன். மாடியில்தானே இருந்தேன். மெர்சியிடம் கொடுங்கள் என்றார், தூங்குகிறாள் என்றேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். காலையிலிருந்து நமக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாராம், அன்பியம் ஜெபக்கூட்டத்தில் எல்லோரையும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறாராம். எனக்கு ஆறுதல் தேவைப்பட்ட நேரத்தில் ஆறுதல் வந்தது, ஆனால் வேறு யாருக்கோ வந்த பார்சலைப் பிரித்துத் தின்பது போல் தொண்டைக்குள் இறங்கவில்லை. கடைசியில் அவர் ஒன்று சொன்னார். 'தைரியமா இருங்க அண்ணி. பொண்ணு பக்கத்துல தாய் தகப்பன் இருக்கீங்கள்ல, அது போதும். அது மட்டும் தனியா மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுக்கூடப் பாக்க முடியல.' அதற்குமேல் என்னால் முடியவில்லை. 'அவ தனியாத்தான் அண்ணி இருக்கா. நாங்க நசரத்பேட்டைல இருக்கோம்' என்று சொல்லிவிட்டேன்.

அவர், 'எங்க நசரத்பேட்டைல?' என்று மட்டும் கேட்டார். அந்த மழையில் ஜெரால்டைக் காரை எடுக்கச் சொல்லி ஆவடியிலிருந்து வந்துவிட்டார். படியேறி வந்தவர் பாயைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கொடியில் தொங்கிய அப்பாவின் லுங்கியைப் பார்த்தார். நாற்காலியை அப்பா இழுத்துப் போட்டார். அவர் அதில் உட்காராமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, 'மெர்சிகிட்டேருந்து ஏதாச்சும் தெரிஞ்சுதா?' என்று கேட்டார். இல்லை என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். ஜெபமாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். நானும் கூடச் சொன்னேன். அவர் நல்ல மனுஷி பாப்பா. இதை நான் முன்னாலேயே தெரிந்துகொள்ளாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஜெபமாலை முடிவதற்குள் தெரியாத எண்ணிலிருந்து நீ கூப்பிட்டாய். எல்லோரும் கேட்கட்டும் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டார். தங்கிய வீட்டுக்காரர்களின் போனில் பேசுகிறேன், தண்ணீர் வடிகிறது, நூடுல்ஸ் சமைத்துக் கொடுக்கிறார்கள், காசே வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். நாங்கள் நாலு பேரும் அழுதோம், உனக்குக் கேட்டது இரண்டு பேர் அழுத மாதிரிதான் இருந்திருக்கும். வைக்கும் முன், 'அம்மா, மழைக்கு முன்னாடியே மாதா கோயிலுக்குப் போயிட்டேன்மா. உனக்காக மெழுகுவத்தி ஏத்திட்டேன்' என்றாய். ஜெரால்டின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

உயிர் பயம் போனதும் மற்ற பயமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். 'தனியாப் போறான்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அவ்ளோதானே அண்ணி? மறைச்சீங்களே. நாளைக்கு எங்க ஆளுங்க, மறைக்கிற அளவுக்கு அங்க என்ன இருந்துச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?' என்றார். உன் பயணத்தில் ஒளிக்க எதுவுமே இல்லை பாப்பா. நீ சம்பாதித்த பணத்தில் நீ பார்த்துப் பார்த்துச் செலவு செய்து போன ஊர். அதைத் துணி போட்டு மூடியவள் நான். மூடினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே ஊர் நினைக்கும்.

பிறகு மகன் பக்கம் திரும்பி, 'உனக்குத் தெரியுமாடா?' என்று கேட்டார். ஜன்னலோரம் நின்றிருந்த ஜெரால்டு, 'தெரியாதும்மா. அவங்க ஃபேமிலியாப் போறாங்கன்னுதான் நானும் நெனச்சேன்' என்றான். குரலில் தடுமாற்றமே இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அப்பா வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் மூடிக்கொண்டார். சம்பந்தியம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு முடிவைச் சொன்னார். 'ஞாயித்துக்கெழம நானும் ஏர்போர்ட்டுக்கு வரேன். இவனுக்குத் தெரியுமா தெரியாதான்னு மெர்சி வாயால கேட்டுக்கறேன். தெரியாதுன்னா எல்லாருமா ஏமாந்துட்டோம்னு ஆவும், போவட்டும், சின்னப் பொண்ணு, மன்னிச்சுடலாம். தெரியும்னா என் புள்ள என் மொகத்துக்கு நேரா பொய் சொல்றான்னு ஆவும். அப்புறம் இந்தக் கல்யாணத்தப் பத்தி நான் யோசிக்கணும் அண்ணி.'

அவர் கீழே இறங்கியதும், குடையை மறந்துவிட்டேன் என்று ஜெரால்டு மட்டும் மேலே வந்தான். 'ஆன்ட்டி, எங்கம்மாவப் பத்தி எனக்குத் தெரியும். கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிடும். இன்னிக்கு நான் சொன்னத மெர்சிகிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட நானே பக்குவமாப் பேசிக்கறேன். எனக்குத் தெரியாதுன்னு அவ ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது' என்றான். நான் 'சரி தம்பி' என்றேன். அவன் போனபிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். 'அவனுக்கும் சரின்னுட்டியா?' என்றார். இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அவன் உன்னிடம் ஏற்கெனவே பேசியிருந்தாலும் பேசியிருக்கலாம், எனக்குத் தெரியாது.

அவன் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவன் அம்மாவை நேரில் பார்த்துப் பயந்தான். நான் அதே அம்மாவின் குரலை மட்டும் கேட்டே பயந்தேன். அவன் உன்னைப் பற்றி ஒரு தப்பு வார்த்தை சொல்லவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். நீ காணாமல் போயிருந்த இரண்டு நாளும் அவன் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா சொன்னார், அதுவும் நிஜமாகத்தான் இருக்கும். ஆனால் அன்று அந்த அறையில் உனக்காகப் பேசக்கூடியவர்கள் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேரும் பேசவில்லை. அதை நீ தெரிந்துகொண்டுதான் அந்தக் குடும்பத்துக்குள் போக வேண்டும், அல்லது போகாமல் இருக்க வேண்டும். எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த இடத்தில் அம்மாக்கள் புத்தி சொல்வார்கள். 'உண்மையைச் சொல்லிவிடு' என்று எழுதிப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்துகொண்டு ஏரியைப் பற்றி அளந்தவளுக்கு அதை எழுத என்ன யோக்கியதை என்று அடித்துவிட்டேன். 'விட்டுக்கொடுத்துப் போ, ஆண்பிள்ளைகள் அம்மா முன்னால் அப்படித்தான்' என்று எழுதினேன். அப்பா படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார், அதையும் அடித்துவிட்டேன். கல்யாணம் நின்றுபோனால் அத்தையும் தெருவும் என்ன பேசும் என்று நினைத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். நடந்துவிட்டால், தினமும் காலையில் எழுந்து இவன் இன்று யார் முன்னால் எனக்குத் தெரியாது என்பான் என்று நீ யோசிப்பாயோ என்று நினைத்தாலும் வைத்துவிடுகிறேன். உன்னை நான் பெற்றேன், வளர்த்தேன், இரண்டு நாள் தொலைத்துத் திரும்பப் பெற்றேன். இந்த ஒன்றில் உனக்கு உதவ என் கையில் எதுவுமே இல்லை.

இன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறோம். தெருமுனையில் அத்தை நிற்பார், நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை விமான நிலைய வாசலில் உன் பக்கத்தில்தான் இருப்பேன். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, 'மெர்சி, நீ தனியாப் போறது ஜெரால்டுக்குத் தெரியுமாம்மா?' என்று கேட்பார். உன் இடத்தில் நான் இருந்தால் யோசிக்கவே மாட்டேன். 'தெரியாது ஆன்ட்டி' என்று சிரித்த முகத்தோடு சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டுவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன் பாப்பா. பதில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காதே.

அம்மா